ஊதுற தலகாணி ராத்திரி 3 மணிக்கு சப்பையாயிடுது, யாராச்சும் வழி சொல்லுங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து எழுதுறேன் மக்களே. டிரெக்கிங் போறப்போ நான் சொகுசுக்குன்னு தூக்கிட்டுப் போறது மூணே ஐட்டம், தூங்கறதுக்கு மட்டும் ஒரு உல்லன் சாக்ஸ், காதடைப்பான், ஊதுற தலகாணி. முதல் ரெண்டுல பிரச்சினை இல்ல. தலகாணி 80 கிராம், மேல துணி, உள்ள டிபியூ (ரப்பர் மாதிரி வளையுற பிளாஸ்டிக்) பை, வாயால ஊதுற வால்வு, வாங்கி ஒன்றரை வருஷம்.

போன ஜூலைல, இங்க அது குளிர்காலம், டிராகன்ஸ்பர்க் மலைல ஆம்பிதியேட்டர்ங்கற செங்குத்துப் பாறைச் சுவர் மேல, டுகேலா அருவிப் பக்கம், கிட்டத்தட்ட 3000 மீட்டர்ல டென்ட் போட்டோம். 9 மணிக்கு கும்முனு இருந்துச்சு, 3 மணிக்கு முழிச்சா நமுத்துப்போன அப்பளம் மாதிரி கெடக்கு. ரெண்டு ராத்திரியும் இதே கததான். குளிர்ல மூச்சுக்காத்து சுருங்கும்னு தெரியும், அதுக்காக படுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ ஊதிட்டுதான் படுத்தேன், ஆனா சுருங்கினா கொஞ்சம் தளரும், இப்படி மொத்தமாவா எறங்கும்?

வீட்டுக்கு வந்து பக்கெட் தண்ணில முக்கிப் பாத்தேன், ஒரு குமிழிகூட வரல. சோப்புத் தண்ணி தடவியும் ஒண்ணும் தெரியல. சும்மா வெச்சா காலைல வரைக்கும் நிக்குது, ஆனா மேல 5 கிலோ அரிசிப் பைய வெச்சேன், நாலே மணி நேரத்துல தரையத் தொட்டுருச்சு, காத வெச்சுக் கேட்டா வால்வு அடில லேசா ஸ்ஸ்னு சத்தம். ஊதுற மெத்தையோட குடுத்த ஒட்டுத்துண்ட அங்க ஒட்டினேன், வளைவுல நிக்காம ஓரம் தூக்கிக்குது. ஜாக்கெட்ட சுருட்டி வெச்சுக்கலாமேன்னு சொல்லாதீங்க, அந்தக் குளிர்ல ஜாக்கெட் என் மேலதான் இருக்கும்.

அடுத்த மாசம் மறுபடி ஏறணும். டிபியூ பைல வால்வு அடில கசியுறத வீட்டுலயே ஒட்டினவங்க இருக்கீங்களா, என்ன பசை போட்டீங்க?