நேர்காணல் சாட்பாட் "பரவால்ல" என்றாலே அடுத்த கேள்விக்குத் தாவுகிறது, என்ன செய்யலாம்?

ஆறாம்_அத்தியாயம்:
திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்கள் ஏன் அடிக்கடி கம்பெனி மாறுகிறார்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவது நடக்கிற காரியமில்லை. அதனால் வாட்ஸ்அப்பில் ஒரு சாட்பாட் அமைத்தேன். கேள்விகளை அது கேட்கும், அவர்கள் ஒழிந்த நேரத்தில் எழுதியோ பேசியோ அனுப்பலாம். 12 பேரிடம் சோதித்ததில் கிடைத்த லட்சணம் இது:

பாட்: போன கம்பெனியில் சூப்பர்வைசர் எப்படி?
அக்கா: பரவால்ல
பாட்: மிக்க மகிழ்ச்சி! நல்ல மேற்பார்வையாளர் அமைவது முக்கியம். சம்பளம் எவ்வளவு? எத்தனை மணி நேர வேலை? அந்த அனுபவம் உங்களை எப்படி உணர வைத்தது?
அக்கா: (கட்டைவிரல் எமோஜி)

பிறகு நானே போன் செய்தேன். அந்த அக்கா வேலையை விட்டதே அந்த சூப்பர்வைசரால்தானாம்!

இன்னும் இரண்டு தொல்லைகள். ஒன்று, மறுநாள் தொடரலாம் என்று பார்த்தால் பாட் அனுப்பும் செய்தி போவதே இல்லை. இரண்டு, குரல் பதிவை எழுத்தாக்கும்போது 'ஓவர்லாக்', 'கைமடி' மாதிரித் தையல் சொற்கள் எல்லாம் வேறு என்னவோ ஆகிவிடுகின்றன. வெறும் மெஷின் சத்தம் மட்டும் இருந்த ஒரு பதிவிலிருந்து ஒரு முழு வாக்கியமே வந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

பைத்தான்_பயல்:
மறுநாள் போகாதது பழுது அல்ல, விதி. வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ (நிரலிலிருந்து செய்தி அனுப்பும் சேவை) வழியாக அனுப்பும்போது, அவர்கள் கடைசியாகச் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரத்துக்குத்தான் நீங்கள் நினைத்ததை எழுத முடியும். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் (எழுதி வைத்த செய்தி) மட்டுமே போகும். "விட்ட இடத்திலிருந்து பேசலாமாக்கா?" என்று ஒன்றுக்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள். அவர்கள் பதில் போட்டதும் மறுபடி 24 மணி நேரம் திறக்கும்.

மூன்று கேள்வியை ஒன்றாகக் கொட்டுவதை பிராம்ப்டில் (பாட் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதித் தரும் குறிப்பில்) தடுத்தாலும் அவ்வப்போது மீறும். நிரலிலும் ஒரு காவல் போடுங்கள்: பதிலில் ஒன்றுக்கு மேல் கேள்விக்குறி இருந்தால் அனுப்பாமல் திருப்பி எழுதச் சொல்ல வேண்டும்.

குரலுக்கு: மௌனத்தையும் வெறும் சத்தத்தையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள். பேச்சே இல்லாத இடத்தில் வாக்கியத்தைப் புனைவது பேச்சை எழுத்தாக்கும் ஏஐ மாடல்களின் தெரிந்த குறை. தொழில் சொற்களின் பட்டியலையும் கூடவே கொடுத்தால் கொஞ்சம் தேறும். எப்படியும் மேற்கோள் காட்டும் முன் ஒலியைக் கேட்டுவிடுங்கள்.

களப்பணி_அக்கா:
கண்ணு, உன் பிராம்ப்ட் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது? "எப்படி உணர வைத்தது" என்பதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எந்த ஊரில் அப்படிக் கேட்பார்கள்? "அப்ப மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்டால்தான் வாய் திறக்கும்.

நம் ஊரில் 'பரவால்ல' என்பதற்கு 'நன்றாக இருந்தது' என்று பொருள் கிடையாது. 'சுமார்' என்றும் இருக்கும், 'அதை விடு' என்றும் இருக்கும், 'உன்னிடம் எதற்குச் சொல்ல' என்றும் இருக்கும். நேரில் என்றால் முகத்தைப் பார்த்துப் பிடித்துவிடுவோம். சாட்பாட்டுக்கு அது இல்லை, அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். 'பரவால்ல', 'அதெல்லாம் ஒண்ணுமில்ல', 'ஏதோ ஓடுது' என்று வந்தால் அடுத்த கேள்விக்குப் போகாதே, அதே சொல்லைத் திருப்பிக் கொடு: "பரவால்லன்னா? ஒரு நாள் நடந்ததைச் சொல்லுங்களேன்."

இது புதிய வித்தையும் இல்லை. 1966இல் எம்ஐடியின் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்ற பழைய சாட்பாட் செய்ததே இதுதான். எதிராளியின் சொல்லையே கேள்வியாகத் திருப்பும், அவ்வளவுதான். அதற்கு ஒன்றும் புரியாது. அப்படியும் அவருடைய செயலாளர் அதனுடன் பேச உட்கார்ந்தவர், கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்று அவரையே கேட்டாராம். உன்னுடையதோ எல்லாம் தெரிந்த மாதிரி பாராட்டுகிறது. பாராட்டை மொத்தமாக வெட்டு. பாராட்டினால் அடுத்த பதிலும் பாராட்டு வாங்கும்படிதான் வரும்.

இன்னொன்று. அந்த போன் யார் கையில் இருக்கிறது?

சும்மா_ஒருவன்:
லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் கீக்கே, ஜாராவெல் இருவரும் 2024இல் ஏஐ வைத்து நேர்காணல் எடுக்கும் இதே வேலைக்கான நிரலைத் திறந்த மூலமாக (யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி) வெளியிட்டார்கள். அதில் வரும் நேர்காணல் விதிகளை எடுத்துத் தமிழில் புதிதாக எழுதலாம். ஒப்புதல் படிவமும் தமிழில் இருக்கட்டும். பேசுவது ஆளில்லை என்பதை முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறாம்_அத்தியாயம்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். பிராம்ப்டை முழுக்கப் பேச்சுத் தமிழில் மாற்றி, நான் நேரில் எடுத்த பழைய நேர்காணல் ஒன்றிலிருந்து ஆறு கேள்வி பதில்களை, பெயர், ஊர் எல்லாம் மாற்றி, மாதிரியாக வைத்தேன். அதே அக்காவிடம் "பரவால்லன்னா?" என்று பாட் கேட்டது. இரவு 9.40க்கு நாலு நிமிடக் குரல் பதிவு வந்தது. டேமேஜ் பீஸுக்குக் கூலி பிடித்தது, எல்லார் முன்னாலும் திட்டியது, எல்லாம் அதில் இருக்கிறது.

போன் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை, அக்கா. கேட்டுப் பார்த்தால் 12 பேரில் 5 பேருக்கு வீட்டில் ஒரே போன், கணவரோ மகனோ பார்ப்பார்கள். அவர்களைச் சாட்பாட்டிலிருந்து எடுத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன்.

களப்பணி_அக்கா:
ஞாயிறு காலையில் போகாதே. துணி, தண்ணி, கறிக்கடை என்று ஆளைப் பிடிக்க முடியாது. நாலு மணிக்கு மேல் போ.