ஃபைனல் ஃபேன்டஸி 11: பல வருஷம் கழிச்சுத் திரும்புறேன், ஆள் எங்கே இருக்காங்க?

தூசிபடிந்த_கோல்:

வணக்கம் மக்களே. 2008ல் விட்ட ஃபைனல் ஃபேன்டஸி 11 ஆன்லைன் விளையாட்டை மறுபடி தொடங்கலாம்னு இருக்கேன். குணப்படுத்துற ஜாபான (பாத்திரத்தோட தொழில்) வைட் மேஜ் லெவல் 62, வேறு எந்த ஜாபும் 20ஐத் தாண்டலை. ஸ்கொயர் எனிக்ஸ் கணக்கு கையில் இருக்கு, விளையாட்டுக்குள்ள நுழையிற பிளேஆன்லைனோட பாஸ்வேர்டு மறந்துபோச்சு. தெரியவேண்டியது இது:

1. விண்டோஸ் 11ல் இன்ஸ்டால் முடிஞ்சதும் விளையாட்டு திறக்காமலே மூடிக்குது. ஏன்?
2. பார்ட்டி (சேர்ந்து சண்டை போடுற குழு) கிடைக்காத காலத்துல 62ல் இருந்து உச்ச லெவலான 99 எப்படி?
3. முக்கியமானது இதுதான். பழைய லிங்க்பேர்ல் (குழு அரட்டையில் சேர்க்கிற முத்து) உடைஞ்சதுன்னு காட்டுது. இந்திய நேரம் மாலை 6 முதல் 8:30 வரைதான் எனக்கு நேரம். ஜப்பானிய மொழி தெரியாது. கூட்டம் அதிகம்னு சொல்ற அசுரா உலகத்துல (சர்வர்) புதுப் பாத்திரம் தொடங்கிடலாமா?

பழைய_கம்பி:

முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

திறக்காமல் மூடுவதற்குப் பெரும்பாலும் டைரக்ட்ப்ளேதான் காரணம். இந்த விளையாட்டு 2002ல் வந்தது, அதற்குத் தேவையான அந்தப் பழைய பகுதியைப் புது விண்டோஸ் தானாக இயக்கி வைப்பதில்லை. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து, லெகசி காம்பொனென்ட்ஸுக்குள் இருக்கும் டைரக்ட்ப்ளேயை டிக் செய்து, கணினியை ஒருமுறை மூடித் திறங்கள்.

அப்படியும் சரிவராவிட்டால் எந்தக் கோப்புறையில் போட்டீர்கள் என்று பாருங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போட்டால் அப்டேட் கோப்புகளை எழுத விண்டோஸ் அனுமதி மறுக்கும். வெளியே தனிக் கோப்புறை ஒன்றில் போடுவது நல்லது. முதல் அப்டேட் சில மணி நேரம் ஓடும். நடுவில் அறுந்தால் அழித்துவிட்டு மறுபடி தொடங்காதீர்கள். பிளேஆன்லைன் வியூயரில் 'செக் ஃபைல்ஸ்' போய் ஃபைனல் ஃபேன்டஸி 11ஐத் தேர்ந்தெடுத்தால், கெட்ட கோப்புகளை மட்டும் அதுவே திரும்ப இறக்கிக்கொள்ளும்.

பிளேஆன்லைன் ஐடி என்பது 4 எழுத்தும் 4 எண்ணும் சேர்ந்தது. அதுவும் ஸ்கொயர் எனிக்ஸ் ஐடியும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான பெட்டியில் தட்டுபவர்கள்தான் அதிகம். பாஸ்வேர்டை ஸ்கொயர் எனிக்ஸ் கணக்கு மேலாண்மைப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். அங்கே போகும்போதே ஒன்-டைம் பாஸ்வேர்டையும் இயக்கிவிடுங்கள். திருட்டுக்குக் காவல் என்பதோடு, 'மோக் சேச்சல்' என்ற கூடுதல் பையும் இலவசமாகக் கிடைக்கும்.

பணம் கட்டும் முன் ஒரு நிமிஷம். மாதச் சந்தா 12.95 டாலர், ஒவ்வொரு கூடுதல் பாத்திரத்துக்கும் மாதம் 1 டாலர். ஆனால் சந்தாவை நிறுத்தியவர்களைச் சில நாள் இலவசமாக உள்ளே விடும் 'ரிட்டர்ன் ஹோம்' காலம் வருஷத்தில் சில தடவை வரும். அதில் நுழைந்து கணக்கு வேலை செய்கிறதா, பாத்திரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். உங்கள் பழைய உலகத்தின் பெயர் பட்டியலில் இல்லையென்றால் பதற வேண்டாம். 2010, 2011 இணைப்புகளில் பல உலகங்கள் வேறொன்றோடு சேர்ந்துவிட்டன.

முத்துக்கோர்வை:

ரெண்டாவது கேள்வி. வால்கர்ம் டூன்ஸ் மணல்மேட்டுல ஆறு பேர் சேர்ந்து நண்டு அடிச்ச காலம் முடிஞ்சுது. 2013 கடைசியில் 'ட்ரஸ்ட்' வந்ததும் பார்ட்டி தேடி நிக்கிற அவசியமே போயிடுச்சு. கணினி ஆட்டுற கூட்டாளிகளை மந்திரம் மாதிரி அழைக்கிறதுதான் ட்ரஸ்ட். உங்க லெவலுக்கு ஏத்த மாதிரி அவங்களும் வருவாங்க.

உங்க சொந்த நாட்டுல ஆரம்பிங்க: சதர்ன் சான் டோரியாவில் கொண்டபோ, போர்ட் பாஸ்டொக்கில் கிளாரியன் ஸ்டார், விண்டர்ஸ்ட் வுட்ஸில் வெட்டாட்டா. ஒரு நாட்டுல அனுமதி வாங்கிட்டு மத்த ரெண்டுக்கும் போனா ஆள் கூடும். முதல்ல 3 பேரை அழைக்கலாம். ராப்சடீஸ் கதையில் 'ராப்சடி இன் வைட்' கிடைச்சா 4, 'ராப்சடி இன் கிரிம்சன்' கிடைச்சா 5.

வைட் மேஜுக்கு இங்கே ஒரு பிசகு உண்டு. எல்லாரும் முதல்ல குபிபியை வாங்கச் சொல்வாங்க. அது குணப்படுத்துற ட்ரஸ்ட், அந்த வேலையை நீங்களே செய்றீங்க. உங்களுக்கு வேண்டியது அடி வாங்குறவர். 'ரெக்கார்ட்ஸ் ஆஃப் எமினன்ஸ்'ங்கிற குறிக்கோள் பட்டியல்ல பரிசா வர்ற சைஃபர்கள்ல (புது ட்ரஸ்ட் தர்ற சீட்டு) வலைனெரலைத் தேர்ந்தெடுங்க. அந்த ரெக்கார்ட்ஸை உடனே திறந்துடுங்க, சும்மா அடிக்கிறதுக்கே அனுபவப் புள்ளியும், பொருள் வாங்க உதவுற ஸ்பார்க்ஸும் கொடுக்கும். 99 ஆனதும் ஸ்பார்க்ஸை வச்சு 117 தரத்து உடுப்பு வாங்கலாம், ஏலக்கடைப் பக்கம் போகவே வேண்டாம்.

65ல் லெவல் வரம்பு முட்டி நிப்பீங்க, அதுக்கு இப்பவே தயாராகுங்க. வரம்பை உயர்த்துற மாத் தாத்தாவோட 'ரைடிங் ஆன் த கிளவுட்ஸ்' குவெஸ்ட்டை முடிக்க 4 கின்ட்ரட்ஸ் சீல் (முத்திரை) வேணும். போர்ட் ஜூனோவில் சீல்களைப் பத்திரமா வச்சிருக்கிற ஷாமிகிட்ட பழைய கையிருப்பு இருக்கான்னு முதல்ல கேட்டுப் பாருங்க. 66க்கு மேல வைட் மேஜ் டெஸ்டிமனியோட (அந்த ஜாபுக்கான சவால் சீட்டு) மாத்கூடத் தனியா மோதணும், அது 75 வரை கதவு திறக்கும். 75ல ரூலூட் கார்டன்ஸில் இருக்கிற நோமட் மோகிள் 'லிமிட் பிரேக்கர்' கொடுக்கும். அங்கிருந்து 99 வரை வரம்பை உயர்த்த மெரிட் புள்ளியும் செலவாகும். 10,000 லிமிட் புள்ளிக்கு 1 மெரிட். 75 தொட்டதும் அனுபவப் புள்ளியை லிமிட் பக்கம் திருப்ப மறந்துட்டு மணிக்கணக்கா அடிச்சுத் தள்ளுறவங்க ஏராளம், கவனம்.

ஜூனோ_நடைபாதை:

மூன்றாவதுக்கு வருகிறேன். மேலே சொன்னதிலேயே சிக்கலும் இருக்கிறது. ட்ரஸ்ட் வந்ததால் வெளியில் திரியும் யாருக்கும் யாரும் தேவையில்லை. வெளி மைதானத்தில் நின்று ஆள் தேடினால் கிடைக்காது. இன்றைக்குச் சமூகம் என்பது லிங்க்ஷெல்லுக்குள்ளேயும் (முத்து மாட்டிச் சேரும் குழு) மாதாந்திர நிகழ்வுகளிலும்தான்.

உடைந்த முத்து என்றால் அந்த லிங்க்ஷெல்லையே தலைவர் உடைத்துவிட்டார் அல்லது உங்கள் முத்தைச் செல்லாமல் ஆக்கிவிட்டார் என்று அர்த்தம். எறிந்துவிடலாம். இப்போது ஒரே நேரத்தில் இரண்டு லிங்க்ஷெல் மாட்டலாம். இதைப் பயன்படுத்தத் தெரியாமல் பலர் முதல் கூட்டத்தோடு ஒட்டாதபோது விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். ஒன்றில் அரட்டைக் கூட்டம், இன்னொன்றில் சண்டைக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நகரங்களில் 'லிங்க்ஷெல் கான்சியர்ஜ்' என்று ஒருவர் நிற்பார். மொழி, நாள், நேரம், நோக்கம் எல்லாவற்றோடும் தலைவர்கள் தங்கள் கூட்டத்தை அவரிடம் பதிந்து வைத்திருப்பார்கள். பட்டியலைப் பார்த்து அவரிடமே முத்து வாங்கிக்கொள்ளலாம், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. முத்தை வாங்கினால் போதாது, மாட்ட வேண்டும். மாட்டியதும் லிங்க்ஷெல் செய்தியைப் படியுங்கள். பல மாதத்துக்கு முந்தைய அறிவிப்பு தொங்கினால், உங்கள் நேரத்தில் இரண்டு மாலை காத்திருந்து பாருங்கள். யாரும் பேசவில்லையென்றால் அடுத்ததுக்குப் போங்கள்.

அசுராவைப் பற்றி. கூட்டம் அதிகம் என்பது உண்மை, ஆனால் எப்போது கூட்டம்? அங்கே ஆங்கிலம் பேசுபவர்களில் பெரும்பங்கு வட அமெரிக்கர்கள். அவர்களுடைய கிழக்குக்கரை இரவு 8 மணி என்பது நமக்குக் காலை 5:30, அவர்கள் குளிர்காலத்தில் 6:30. ஐரோப்பிய மாலை நமக்கு நடுநிசியை ஒட்டி வரும். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அவர்களுடைய இரவு 9 முதல் 12 என்பது நமக்கு மாலை 5:30 முதல் 8:30. நீங்கள் சொன்ன நேரம் அப்படியே ஜப்பானியர்களின் உச்ச நேரம். ரெக்கார்ட்ஸின் தினசரிக் குறிக்கோள்கள் புதுப்பிக்கப்படுவதும் ஜப்பான் நள்ளிரவில், அதாவது நமக்குச் சரியாக இரவு 8:30க்கு. அன்றைய வேலையை 8:25க்குள் முடித்துவிட்டு, 8:30 தாண்டியதும் மறுநாள் கணக்கையும் அந்த அமர்விலேயே தொடங்கலாம். எனவே உலகத்தைக் கூட்டம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், கடிகாரம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பழைய உலகத்தில் மாலை 7 மணிக்கு எல்லாப் பகுதிகளிலும் தேடல் போடுங்கள், மொத்தம் எத்தனை பேர் என்று அதுவே காட்டும். மூன்று நாள் குறித்துக்கொண்டு முடிவெடுங்கள்.

ஜப்பானிய மொழி தெரியாதது பெரிய தடை இல்லை. ஆட்டோ-டிரான்ஸ்லேட் இதற்காகவே செய்தது. சொல்லின் முதல் சில எழுத்தைத் தட்டி டாப் விசையை அழுத்தினால் பட்டியல் விழும். தேர்ந்தெடுத்த சொல் பச்சையில் திறந்து சிவப்பில் மூடும் இரண்டு குறிகளுக்கு நடுவே வரும். 'நைஸ் டு மீட் யூ' என்று உங்கள் திரையில் தெரிவது அவர்கள் திரையில் ஜப்பானியத்தில் தெரியும். ஜாப், ஊர், பொருள், மந்திரம் எல்லாமே அதில் உண்டு. நீள வாக்கியம் கட்டாதீர்கள். இடத்தின் பெயர், உங்கள் ஜாப், 'கேன் ஐ ஹேவ் இட்?' என்று மூன்று துண்டு போதும், புரிந்துவிடும். நடுவில் சொந்த ஆங்கிலத்தைச் செருகினால்தான் குழம்பும். இன்னொன்று: விளையாட்டின் எழுத்துமுறை ஜப்பானியத்துக்கான ஷிஃப்ட்-ஜிஸ் என்பதால் தமிழ் எழுத்து சாட்டில் விழாது. தமிழ் நண்பர்கள் சேர்ந்தாலும் தங்கிலீஷ்தான்.

லிங்க்ஷெல் கிடைக்கும்வரை யூனிட்டி சாட் ஒரு திண்ணை மாதிரி உதவும். ரெக்கார்ட்ஸில் 'ஆல் ஃபார் ஒன்' முடித்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தால், அந்த உலகத்தில் அதே தலைவரிடம் இருப்பவர்கள் எல்லாரும் பேசுவது கேட்கும். தலைவர் 11 பேர். உங்கள் நேரத்தில் அமைதியாக இருந்தால் மாறிப் பார்க்கலாம்.

மூன்றாம்_படை:

நேரக் கணக்கை ஒத்துக்கிறேன், ஆனா ஞாயிறு காலையில் எழ முடியும்னா அசுராவைத் தள்ளிவிட வேண்டாம். ஆங்கிலத்தில் சண்டைக்கு ஆள் சேர்க்கும் யெல் (பொதுக் கூவல்) அங்கேதான் ஓயாமல் ஓடும். அதுக்காகப் பழைய பாத்திரத்தைத் தூக்கிப் போடாதீங்க. முடிச்ச மிஷன்கள், லிமிட் குவெஸ்ட்கள் எல்லாம் அதில்தான் இருக்கு. பணம் கட்டி உலகம் மாத்திக்கலாம். அதுக்கு முன்னாடி 1 டாலர் கூடுதல் பாத்திரம் ஒண்ணை அங்கே உருவாக்கி, ஒரு மாசம் வேடிக்கை பாருங்க. (அசுரா, லட்சுமி, சிவான்னு உலகங்களுக்குப் பேர் வச்சிருக்காங்க. நம்மவருக்கு எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு தர்மசங்கடம்.)

லிங்க்ஷெல்லில் சேரும் முன் கேட்க வேண்டியது: எந்த நாள், எந்த மணி? டிஸ்கார்டில் குரல் கட்டாயமா? பொருள் விழுந்தா லாட்டா (குலுக்கல்), புள்ளிக் கணக்கா? விண்டோவர், ஆஷிட்டா மாதிரி வெளிக்கருவி இல்லாம வரலாமா? கடைசிக் கேள்வி முக்கியம். அதெல்லாம் விதிப்படி தடை. ஆனா பல சண்டைக் கூட்டங்கள் எல்லார்கிட்டயும் இருக்குன்னு நினைச்சே வேகம் வைக்கும். உங்களுக்கு வேண்டாம்னா முதல்லயே சொல்லிடுங்க, ஏத்துக்குற கூட்டமும் உண்டு.

99 ஆனதும் நேரா மௌராவுக்குப் போங்க, அம்பஸ்கேட்ங்கிற மாதாந்திரச் சண்டைக்குள்ள நுழையிற புத்தகம் அங்கேதான். ஒவ்வொரு மாசமும் எதிரி மாறும், கடினம் ஐந்து படி. எளிய படியில் ட்ரஸ்டோட தனியாவே ஹால்மார்க்ஸ் (பரிசுப் புள்ளி) சேர்க்கலாம். ஆனா மனுஷங்ககூடச் சேர இதுதான் சுலபமான வாசல், ஏன்னா எல்லாருக்கும் மாசாமாசம் இது தேவை. வைட் மேஜ்னா கேட்கவே வேண்டாம், குணப்படுத்த ஆள் எப்பவும் பற்றாக்குறை.

தூசிபடிந்த_கோல்:

டைரக்ட்ப்ளே போட்டதும் திறந்துருச்சு, பழைய_கம்பிக்கு நன்றி. பாத்திரம் அப்படியே இருக்கு, ஷாமிகிட்ட 7 சீல் கிடக்கு. ஒரு சந்தேகம்: கான்சியர்ஜ்ல வாங்கின முத்தை ரெண்டாவது இடத்துல மாட்டினேன். நான் பேசுறது யாருக்கும் போகலை.

ஜூனோ_நடைபாதை:

சாட் முறை இன்னும் முதல் லிங்க்ஷெல்லில் நிற்கிறது, அங்கே உங்களுக்கு முத்தே இல்லை. சாட் முறையை லிங்க்ஷெல் 2க்கு மாற்றுங்கள். கையால் தட்டுவதானால் சாய்கோட்டுக்குப் பின் 'எல்' எழுத்தும் 2 எண்ணும். அப்புறம், ஆள் சேர்க்கும்போது ட்ரஸ்ட்களை முதலில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் வெளியே நிற்கும்வரை பார்ட்டி அழைப்பு போகாது. கூப்பிட்டும் வரவில்லையே என்று கூப்பிட்ட ஆட்கள் மேல் வருத்தப்படுவீர்கள்.

தூசிபடிந்த_கோல்:

போயிடுச்சு. பச்சை-சிவப்புக் குறிக்குள்ள யாரோ வணக்கம் சொல்லியிருக்காங்க. மணி 8:31, புதுக் குறிக்கோள்களும் வந்தாச்சு.