சுவிட்ச் பெட்டியில் கறுப்பு வயர் இல்லை: வைஃபை ரிலே மாட்ட வழி உண்டா?

சிப்புட் தாமான் (கேள்வி)

வணக்கம். வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், பழைய ஒருமாடி வரிசை வீடு. வயரிங் போட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. போர்ச்சில் 12 வாட் எல்இடி இரண்டு இருக்கின்றன. பொழுது சாய்ந்ததும் அவை தானாக எரிய வேண்டும். அம்மாவுக்குக் கைப்பேசிச் செயலியெல்லாம் பழக்கமில்லை, அதனால் சுவர் சுவிட்சும் பழையபடி வேலை செய்தாக வேண்டும்.

வாங்கி வைத்திருப்பது 10 ஆம்பியர் வைஃபை ரிலே, அதாவது வைஃபை வழியாக விளக்கைப் போட்டு அணைக்கும் சின்னக் கருவி. எல் இன் (கரண்ட் வருவது), எல் அவுட் (விளக்குக்குப் போவது), 'என்' (நியூட்ரல்), எஸ்1, எஸ்2 (சுவர் சுவிட்சுக்கு) என்று முனைகள். சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு சிவப்பு (லைவ்) வயர், பெட்டியோடு திருகிய ஒரு பச்சை (எர்த்), அவ்வளவுதான். கறுப்பு (நியூட்ரல்) இல்லை. கடையில் கேட்டதற்கு, "'என்' முனையைப் பச்சையில் கட்டுங்கள், ஓடும்" என்றார்கள். கட்டலாமா?

இன்னொன்று. மேசையில் வைத்து மூன்று முள் பிளக்கில் சோதித்தேன். பட்டனை அழுத்தினால் ரிலே 'டிக்' என்கிறது, ஆனால் வீட்டு வைஃபையில் சேர மறுக்கிறது. பொருளே கோளாறா?

குளியலறை ஹீட்டருக்கும் இதே போல ஒன்று வாங்கலாம் என்று எண்ணம்.

ஈப்போ வயர்மேன்

தம்பி, பச்சையில் கட்டாதீங்க. கடையில் சொன்ன மாதிரி அது ஓடும், ஓடுவதுதான் ஆபத்து. ரிலே சும்மா இருக்கும்போது இழுப்பது ஒரு வாட் அளவு, 240 வோல்ட்டில் நாலைந்து மில்லியம்பியர். டிபி பெட்டியில் (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) இருக்கும், கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் 100 மில்லியம்பியர் ஆர்சிசிபி அதைக் கண்டுகொள்ளாது. மாதக்கணக்கில் ஒரு குறையும் தெரியாது. என்றைக்காவது எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்தால், அதே பச்சையில் தொங்கும் ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் ரிலே வழியாக வந்த கரண்ட் நிற்கும்.

பக்கத்து சாக்கெட்டிலிருந்து கறுப்பைக் கடன் வாங்குவதும் வேண்டாம். பின்னால் யாராவது சாக்கெட் எம்சிபியை (அந்த சர்க்கிட்டின் தனி பிரேக்கர்) இறக்கிவிட்டு, கரண்ட் இல்லை என்ற நம்பிக்கையில் அந்தக் கறுப்பைப் பிரித்தால், விளக்கு சர்க்கிட்டின் கரண்ட் ரிலே வழியாக அவர் கையில் வந்து நிற்கும். ரிலேயின் கறுப்பு, அது எந்த எம்சிபியில் ஓடுகிறதோ அதே சர்க்கிட்டின் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

இனி வழிக்கு வருவோம். பழைய வீடுகளில் கறுப்பு நேராக விளக்குக்குப் போய்விடும். சிவப்பு மட்டும் சுவிட்சுக்கு இறங்கி, திரும்ப மேலே ஏறும். உங்கள் பெட்டியில் உள்ள இரண்டு சிவப்பில் ஒன்று வரும் சிவப்பு, மற்றது விளக்குக்குப் போகும் சிவப்பு. கேள்வி என்னவென்றால், இரண்டும் ஒரே குழாயில் மேலே ஏறி, ஒரே இணைப்புப் பெட்டியில் முடிகிறதா? அப்படியென்றால் புது வயர் ஒன்றுகூட இழுக்க வேண்டாம். ரிலேயைச் சுவிட்சுக்குப் பின்னால் திணிக்காமல் மேலே அந்தப் பெட்டியில் வையுங்க. கறுப்பு அங்கேயே இருக்கும். டிபியிலிருந்து வரும் சிவப்பு எல் இன்னுக்கு, விளக்குக்குப் போகும் சிவப்பு எல் அவுட்டுக்கு, கறுப்பு என்-க்கு. சுவிட்சுக்கு இறங்கும் அந்த இரண்டு சிவப்பும் இனி விளக்குக் கரண்டைச் சுமக்காது, எஸ்1-க்கும் எஸ்2-க்கும் போகும் வெறும் சுவிட்ச் வயராகிவிடும். கீழே சுவிட்சில் கைவைக்கவே தேவையில்லை.

எது வரும் சிவப்பு என்று பார்க்க டெஸ்ட் பென்னை நம்பாதீங்க. ஒரே குழாயில் சேர்ந்து ஓடும் வயர்களில் தூண்டலால் இரண்டிலுமே அது மினுக்கும். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, மீட்டரில் ஒவ்வொரு சிவப்பையும் பச்சையோடு வைத்து அளக்கணும். 240 பக்கம் காட்டுவது வரும் சிவப்பு. மற்றது முப்பது நாற்பது காட்டினாலும் பயப்பட வேண்டாம், அது தூண்டலால் தெரிவது. அளந்த கையோடு டேப் சுற்றிக் குறித்து வையுங்க.

குழாய் சீலிங்குக்குப் போகாமல் வேறெங்கோ சுவருக்குள் திரும்பினால், விளக்கு முனையிலிருந்து 1.5 சதுர மி.மீ. கறுப்பு வயர் ஒன்றை ஃபிஷ் டேப் (குழாய்க்குள் விட்டு வயர் இழுக்கும் நாடா) போட்டு இழுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கறுப்பு தேவைப்படாத ஜிக்பீ (வைஃபை போல இன்னொரு கம்பியில்லா முறை) வகை இருக்கிறது. அது விளக்கு வழியாகவே தனக்கு வேண்டியதைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். சின்ன எல்இடியில் இரவெல்லாம் மங்கலாக மினுக்கும், அதற்கு விளக்கின் இரு முனைக்குக் குறுக்கே தயாரிப்பாளர் சொல்லும் கெப்பாசிட்டர் போடணும். ஜிக்பீயை வீட்டு இணையத்தோடு இணைக்கத் தனியாக ஹப் ஒன்றும் வாங்கணும். கடைசி வழியாக வையுங்க.

சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற பென்டாவாய் (வயர்மேன்) ஒருவரைக் கூப்பிட்டுச் செய்வதுதான் முறை. அவரிடம் "சுவிட்ச் வயர் இரண்டும் மேலே வருகிறதா பாருங்கள்" என்று சொன்னாலே போதும், அவருக்குப் புரிந்துவிடும். சீலிங் பலகை பழசு என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். துளை போடாதீங்க, அறுக்காதீங்க. இருக்கிற திறப்பு வழியாகவே வேலை நடக்கட்டும்.

ஹீட்டர் வேண்டாம். 3.6 கிலோவாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும், உங்கள் ரிலே 10 தான். 16 ஆம்பியர் என்று அச்சடித்த ரிலேகூட தினமும் அந்தச் சுமையை இணைத்துத் துண்டித்தால் சீக்கிரம் முனை கருகும். ஹீட்டருக்கு அதன் 20 ஆம்பியர் இரட்டைத் துருவ சுவிட்சும் 10 மில்லியம்பியர் ஆர்சிசிபியும் இருந்தபடியே இருக்கட்டும்.

தைப்பிங் நெட்வொர்க்

வைஃபை பகுதியை நான் சொல்கிறேன். பொருள் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. 'டிக்' என்று கேட்கிறது என்றால் உள்ளே மின்வழங்கியும் ரிலேயும் நன்றாகவே உள்ளன.

இந்த ரிலேக்கள் ஏறக்குறைய எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பேசும். இன்றைய ரௌட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்புகின்றன. சேர்க்கும் நேரத்தில் உங்கள் கைப்பேசி 5-இல் நின்றால், பல செயலிகள் தடுமாறிவிடும். ரௌட்டர் அமைப்புக்குள் போய் 2.4-க்குத் தனிப் பெயர் வையுங்கள், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், இடைவெளியும் குறியீடும் வேண்டாம். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். சேனல் 'ஆட்டோ' வேண்டாம்; 1, 6, 11 மூன்றில் பக்கத்து வீடுகள் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றை நிலையாக வையுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். விருந்தினர் வைஃபையில் சேர்க்காதீர்கள். அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரௌட்டரே தடுத்துவிடும்.

மேசையிலேயே சேர்த்து, மென்பொருளையும் புதுப்பித்துவிட்டு, பிறகு சீலிங்குக்கு அனுப்புங்கள். மேலே ஏறிய பிறகு ரீசெட் பட்டனுக்கு ஏணி வேண்டும். ரௌட்டரில் அந்த ரிலேக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கிவிடுங்கள்.

சிக்னல் அளவைச் செயலியில் பாருங்கள். மைனஸ் 70 டிபிஎம்முக்கு மேலே, அதாவது மைனஸ் 65, மைனஸ் 60 என்று இருந்தால் நல்லது. மைனஸ் 80-க்கும் கீழே இறங்கினால் அடிக்கடி 'ஆஃப்லைன்' காட்டும். இரும்பு சுவிட்ச் பெட்டிக்குள் அடைத்தால் சிக்னல் சட்டென்று இறங்கும். ரிலேயைப் பிளாஸ்டிக் இணைப்புப் பெட்டியில் மேலே வைக்கச் சொன்னது இந்த வகையிலும் நல்ல யோசனை.

சிப்புட் தாமான்

இருவருக்கும் நன்றி. 2.4-க்குத் தனிப் பெயர் வைத்ததும் முதல் தடவையே சேர்ந்துவிட்டது. பென்டாவாய் வந்து பார்த்தார், இரண்டு சிவப்பும் சீலிங்குக்கு மேலே ஒரே பெட்டிக்குத்தான் வருகின்றன. சனிக்கிழமை மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எஸ்1, எஸ்2-இல் எந்தச் சிவப்பு எதற்கு என்று உண்டா? ஒரு காணொளியில் சுவிட்ச் முனைக்கு நேரடியாக 240 கொடுக்கிறார்கள். கூரை சிங்க் தகடு (துத்தநாகத் தகடு), மதியம் சீலிங்குக்குள் அனலாக இருக்கும், அது பரவாயில்லையா?

ஈப்போ வயர்மேன்

அந்தக் காணொளி வேறு வகை ரிலே. ரிலேயில் இரண்டு குடும்பம் உண்டு. ஷெல்லி 1 போன்றதில் 'எஸ்டபிள்யூ' என்று ஒரே ஒரு சுவிட்ச் முனை இருக்கும், அதற்குச் சுவிட்ச் வழியாக லைவ் கொடுக்கணும். சோனாஃப் மினி போன்றதில் எஸ்1, எஸ்2 இரண்டு முனை. அவற்றைச் சுவிட்ச் ஒன்றோடு ஒன்று தொட வைத்தால் போதும், வெளியிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது. உங்களுடையது இரண்டாம் வகை. எஸ்1-க்குத் தெரியாமல் லைவ் கொடுத்தால் அந்த நொடியே ரிலேக்குள் இருக்கும் சர்க்கிட் பலகை கருகும். இரண்டில் எதை எங்கே கட்டினாலும் ஒன்றுதான், திசை கிடையாது.

ஆனால் வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கவில்லையே என்று எஸ்1, எஸ்2 வயரை வெறும் கையால் தொடக்கூடாது. உள்ளே இருக்கும் மின்வழங்கி மெயினிலிருந்து பிரிக்கப்பட்டதில்லை. அதனால் அந்த முனைகளும் தரையோடு ஒப்பிட்டால் லைவ்தான். மணி வயர், டெலிபோன் வயர் எதுவும் போடக்கூடாது. உங்கள் பழைய சிவப்பு 1.5 என்றால் அது போதுமானது.

சூடு விஷயம் நல்ல கேள்வி. பெரும்பாலான ரிலேயின் தாளில் 40 டிகிரி வரைதான் எழுதியிருக்கும். சிங்க் கூரையை ஒட்டி மதியத்தில் அதைத் தாண்டும். பெட்டியைக் கூரைச் சட்டத்தில் திருகாமல், சீலிங் பலகையை ஒட்டிக் கீழே, போர்ச் பக்கம் காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொல்லுங்க. உங்கள் சுமை மொத்தம் 24 வாட், ரிலே தன்னால் சூடாகாது. அதே இடத்தில் 8 ஆம்பியர் சுமை என்றால் நான் சம்மதிக்க மாட்டேன்.

முனையில் வயரின் தோலை 6, 7 மி.மீ. மட்டும் உரிக்கணும். பழைய 1.5 வயர் ஏழு இழை, ஓரிரு இழை வெளியே நீட்டினால் பக்கத்து முனையைத் தொடும். முறுக்கி, ஃபெரூல் (வயர் நுனியில் மாட்டும் சின்ன உலோகக் குழாய்) போட்டு அழுத்திவிட்டுத் திருகணும். திருகியபின் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்க்கணும். தளர்ந்த முனைதான் பிறகு பழுப்பேறி உருகுவது. கறுப்பு இரண்டு மூன்று சேரும் இடத்தில் எல்லாவற்றையும் ரிலேயின் ஒரே முனையில் திணிக்க வேண்டாம், லீவர் கனெக்டரில் சேர்த்து, அதிலிருந்து ஒரு துண்டு வயர் மட்டும் ரிலேக்கு.

பெட்டிக்குள் வரும் குழாய் வாயை அடைக்கச் சொல்லுங்க. சீலிங்கில் எறும்பு லேசான சூட்டைத் தேடி வந்து கூடு கட்டும். நசுங்கிய எறும்பும் பல்லி எச்சமும் ஈரம் பட்டால் முனைகளுக்கு நடுவே கசிவு. கரண்ட் இருக்கும்போது பூச்சி மருந்து அடிக்கவே கூடாது.

தைப்பிங் நெட்வொர்க்

மாட்டியபின் செயலியில் மூன்று அமைப்புகளைப் பாருங்கள். அம்மாவின் சுவிட்ச் மேலும் கீழும் நிற்கும் சாதாரண வகை, அதனால் சுவிட்ச் வகையை 'எட்ஜ்' என்று வையுங்கள். சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒவ்வொரு சாய்வுக்கும் விளக்கு மாறும். 'பல்ஸ்' என்று விட்டால் அது மணி அழுத்துவது போன்ற பட்டனுக்கானது, அம்மா விளக்கை ஒருமுறை போட இரண்டு தடவை தட்ட வேண்டியிருக்கும். எட்ஜில் 'கீழே தட்டினால் எரியும்' என்ற பழக்கம் போய்விடும், இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கரண்ட் போய் வந்தபின் என்ன நிலை என்பதை 'கடைசி நிலை' என்று வையுங்கள். இடி மழையில் கரண்ட் போய் வந்தால் ரிலே சில நொடியில் எழும், ரௌட்டர் இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். ரிலேக்குள் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லை. இணையம் வரும்வரை அதற்கு மணி தெரியாது, அதுவரை கால அட்டவணையும் ஓடாது. சரியாக ஏழு மணிக்குக் கரண்ட் போனால் அன்று விளக்கு எரியாமல் போகலாம். அதனால் சூரியன் மறையும் நேரத்துக்கு ஒரு கட்டளை, 8 மணிக்கு இன்னொரு 'ஆன்' கட்டளை என்று இரண்டு போடுங்கள். ஏற்கெனவே எரிந்தால் இரண்டாவது ஒன்றும் செய்யாது. 'மாற்று' என்ற கட்டளையை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், எரிவதை அது அணைத்துவிடும்.

நேர வலயம் ஜிஎம்டி+8 என்று இருக்கிறதா பாருங்கள், சில ரிலே சீன நகரத்தையோ ஐரோப்பிய நகரத்தையோ இருப்பிடமாக வைத்தே வரும். இடம் தவறினால் சூரிய நேரமும் தவறும். வடக்கு 4.8, கிழக்கு 101.1 என்று கொடுங்கள். உங்கள் ஊரில் சூரியன் மறைவது வருடம் முழுக்க ஏறக்குறைய மாலை 6.55-க்கும் 7.35-க்கும் நடுவேதான். மேற்கே மலையோ செம்பனைத் தோப்போ மறைத்தால் முன்கூட்டியே இருட்டும், மறையும் நேரத்துக்கு 15 நிமிடம் முன்னதாக என்று வைத்துவிடுங்கள்.