படத்தின் ஓரத்தில் ஒரு தவில்

அன்புள்ள ஊரவர்களுக்கு,

அண்ணை போய் இன்றைக்குப் பன்னிரண்டு நாள். பொரளை கனத்தையில் தகனம் முடிந்தது, ஊரிலிருந்து வான் பிடித்து வந்தவர்கள் அன்றிரவே திரும்பிவிட்டார்கள். லண்டன், டொரன்டோ, சிட்னி என்று வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். எல்லாரும் அவருடைய வாசிப்பைத்தான் எழுதியிருக்கிறீர்கள், விடியும்வரை நடந்த தனித்தவில் வாசிப்பு, ஆட்கள் தேர்முட்டியில் ஏறி நின்று கேட்டது. எல்லாம் உண்மை. கொழும்பில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவன் நான் என்பதால் வீட்டுப் பக்கத்தைக் கொஞ்சம் எழுதுகிறேன். பேர் போடவில்லை. நமக்கு அவர் தவில் அண்ணைதான், சொந்தப் பேரைச் சொன்னால் பாதிப் பேர் யாரென்று கேட்பீர்கள்.

தவிலின் வலந்தலையில் விரலால் அடிக்கிறவர்கள் விரல்களில் கூடு போடுவார்கள், தெரியும்தானே, துணியைப் பசை தடவிச் சுற்றிக் காயவைத்துச் செய்வது. அவருக்கு அதைச் செய்துகொடுத்தது அவருடைய மனிசி, எங்கள் அக்காதான். திருவிழாவுக்கு முதல் நாள் பழைய வேட்டியை நாடா நாடாகக் கிழித்து, குப்பி விளக்கடியில் இருந்து ஒவ்வொரு விரலாகச் சுற்றுவா. அந்த நேரம் அண்ணை கையை நீட்டிக்கொண்டு அசையாமல் இருக்கவேண்டும், சுருட்டுக்கூடப் பிடிக்க முடியாது, அதனால் பிள்ளைகள் அன்றைய பள்ளிக்கூடக் கதை முழுவதையும் அவர் காதில் போடுவார்கள். வருஷத்தில் அவர் வீட்டில் தங்கும் இரவுகள் குறைவு. ஆனால் எவ்வளவு தூரத்துக் கோயில் என்றாலும் முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவார், மடியில் மோதகப் பொட்டலம் கட்டாயம் இருக்கும்.

1983 ஜூலையில் ஒரு கோயில் வேலையாகக் கொழும்புக்கு வந்தவர் இனக்கலவரத்தில் இங்கேயே மாட்டிக்கொண்டார். தங்கியிருந்த அறையோடு தவிலும் எரிந்துபோனது. அகதி முகாமில் சில நாள், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. படலையைத் திறந்துகொண்டு வந்தவரிடம் ஒரு பையும் இல்லை, சட்டைப் பையில் கூடுகள் மட்டும் இருந்தன. அக்கா அதை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒண்டு குறையுது" என்றாவாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்காவுக்கு அந்தக் கதை கடைசிவரை பிடிக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபிக்காதீர்கள். விடியவிடிய நமக்கு வாசித்த மனிசனுக்கு நம்மூரில் பல வீடுகளில் திண்ணையில்தான் சாப்பாடு போட்டோம். எங்கள் வீடும் அதில் சேர்த்தி. இப்போது ஆளுக்கு ஆள் 'மாமேதை' என்று எழுதும்போது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது. அந்தச் சொல்லை அவரே ஒத்துக்கொள்ளமாட்டார் என்பது வேறு கதை. பெரிய தவில் வித்துவான் இணுவில் தெட்சணாமூர்த்தியைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று கேட்டவர் அவர். "அந்தக் கையைப் பாத்தாப் பிறகு என்ரை கையைப் பெரிசா நினைக்கேலுமோ" என்பார். தெட்சணாமூர்த்தி 1975இல், நாற்பது தாண்டிய கையோடு போய்விட்டார். அந்தச் செத்தவீட்டுக்குப் போய்வந்து அண்ணை ஒரு கிழமை தவிலைத் தொடவில்லையாம்.

அக்கா போன பிறகு, 2014இல் யாழ்தேவி ரயில் திரும்பவும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியதும், அதில் ஏறி வெள்ளவத்தைக்கு மகளிடம் வந்துவிட்டார். நாலாம் மாடி. தவில் அடித்தால் மேல்வீடு, கீழ்வீடு இரண்டும் கதவைத் தட்டும். அதனால் பேரனுக்குப் பலகையில் பழக்கினார். பலகையும் சத்தம் என்று ஒருநாள் கடிதம் வந்தது, அதற்குப் பிறகு தலையணை, வாயால் சொற்கட்டு. வெள்ளிக்கிழமைகளில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு நான்தான் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போவேன். முழுக்கக் கருங்கல் கோயில் அல்லவா, தூணடியில் இருந்து பொடியன்களின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "கல்லு பொய் சொல்லாது தம்பி, பிழையை இரண்டுதரம் கேக்கப்பண்ணும்" என்பார். ஆனால் அந்தப் பொடியன்களிடம் ஒரு குறை சொன்னதில்லை. போகும்போது கையில் ஐந்நூறு ரூபாயை மடித்து வைத்துவிட்டு வருவார். மகள் தரும் கைச்செலவுக் காசு அது.

மகளின் கல்யாணம் 2003இல் இங்கேதான் நடந்தது. தகப்பன் வாசிக்கக்கூடாது, மணவறையடியில் நிற்கவேண்டும். தாலி கட்டும் நேரம் பார்த்து மேளக்காரப் பொடியன்கள் வீடியோக்காரனோடு கதைத்துக்கொண்டு நிற்க, ஐயர் வாய் திறக்கமுதல் இவர் "கெட்டிமேளம்!" என்று ஒரு சத்தம் போட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் கை நடுங்கி முதல் முடிச்சு நழுவிவிட்டது. மருமகன் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

இனி நான் எழுத வந்த விஷயம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அச்சடிக்கிறோம். அட்டையில் போட அவர் தவிலோடு இருக்கும் ஒரு படம்கூட வீட்டில் இல்லை. இருந்ததெல்லாம் 1995 ஒக்டோபரில் சண்டையால் வலிகாமம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்ட இரவில் போய்விட்டது. அதற்குப் பிறகு தோள் வலியோடு அவர் சபையில் வாசித்ததும் குறைவு. மகளின் கல்யாண அல்பத்தில் பட்டு வேட்டியோடு நிற்கிறார், தவில் இல்லை.

உங்களில் எத்தனை பேரின் கல்யாணத்துக்கு அவர் வாசித்தார்! கமராக்காரன் அவர் பக்கம் திரும்பியிருக்கமாட்டான், அது தெரியும். ஆனால் அல்பத்தை எடுத்து மணவறைப் படங்களின் ஓரங்களைப் பாருங்கள். என்னுடையதில் இடது மூலையில் தவிலின் பாதியும் நாலு விரலும் விழுந்திருக்கிறது, முகம் வெட்டுப்பட்டுவிட்டது. மகளிடம் காட்டினேன். கூட்டைப் பார்த்துவிட்டு, "இது அம்மா சுத்தினது" என்றா.

இருபதாம் நாளுக்குள் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். கிடைத்ததை ஸ்கேன் பண்ணி இந்தக் குழுவுக்கே அனுப்புங்கள். முகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கை தெரிந்தால் போதும்.