ராத்திரி எச்சி கார்டிசால்: அம்பையிலிருந்து சென்னைக்கு ஐஸ் வேணுமா?

அம்பை லேப்:
ஒரு அம்மாவுக்கு குஷிங் நோய் (உடம்புல கார்டிசால்ங்கிற ஹார்மோன் அளவுக்கு மீறி இருக்கிறது) சந்தேகத்துக்கு ராத்திரி 11 மணி எச்சி கார்டிசால் டெஸ்ட் டாக்டர் எழுதியிருக்காங்க. சாம்பிளை வீட்டிலேயே எடுத்து, மறுநாள் கூரியரில் சென்னைக்கு அனுப்பணும். அக்னி நட்சத்திர வெயில். வழியில ஐஸ் உருகிட்டா கெட்டுருமா? அந்தம்மா பீடி சுத்துறவங்க, வெத்தல போயிலயும் போடுதாங்க. பேசாம ரத்தமே எடுத்துரலாமா அண்ணாச்சி?

பொருநைக்கரை:
ஐஸ் கவலைய விடுங்க. கார்டிசால் லேசுல சிதையாது, ரெண்டு நாள் வெளிய இருந்தாலும் தாங்கும். ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொல்றது பூஞ்சை பிடிக்காம இருக்கத்தான். மூடி லூசா இருந்து தண்ணி ஆவியாச்சுன்னாத்தான் அளவு பொய்யா கூடும்.

நடுராத்திரி ஊசியோட போய் நின்னா அந்தப் பயத்துலயே கார்டிசால் ஏறிரும். எச்சியில வாரது புரதத்தோட ஒட்டாத பங்குதான். கருத்தடை மாத்திரை அந்தப் புரதத்தக் கூட்டும், அதனால ரத்தத்துல வார குழப்பமும் எச்சியில பெருசா இருக்காது.

எடுக்கும்போது: 30 நிமிஷம் முன்னாடியே சாப்பாடு, காபி, பல்தேய்ப்பு எல்லாத்தையும் நிறுத்தணும். தண்ணில வாய் கொப்புளிச்சு 10 நிமிஷம் உக்காரணும், உடனே எடுத்தா எச்சி நீர்த்துப்போகும். சாலிவெட் (எச்சி எடுக்குற குழாய்) உள்ள இருக்குற, எச்சிய உறிஞ்சுற தக்கையக் கையால தொடாம, குழாயிலிருந்து நேரா வாயில தட்டி 2 நிமிஷம் மென்னு, அப்படியே திரும்பத் துப்பணும். ஈறுல ரத்தம் கசிஞ்சா அன்னிக்கு வேண்டாம். ஏன்னா ரத்தத்துல கார்டிசால் எச்சியவிடப் பல மடங்கு. ஒரு ராத்திரி போதாது, ரெண்டு ராத்திரி எடுங்க.

பாளை எண்டோ:
மேல சொன்னதோட, வாய்க்குள்ள என்ன போச்சுன்னு கேளுங்க. எச்சிச் சுரப்பியில கார்டிசாலை கார்டிசோனா மாத்துற நொதி ஒண்ணு உண்டு. அதிமதுரத்துல உள்ள கிளிசிரைசின் அத மடக்கிரும், கார்டிசால் மாறாம அப்படியே வரும். தொண்டை கட்டுனா அதிமதுரத்த வாயில அடக்குறது நம்ம பக்கம் சாதாரணம்லா, யாரும் அத மருந்துன்னு சொல்லமாட்டாங்க. சில மெல்லுற புகையிலையிலயும் அது கலந்திருக்கும். புகைபிடிக்கிறவங்களுக்கும் அளவு கூடும்.

அடுத்தது களிம்பு. ஹைட்ரோகார்டிசோன்னாலே கார்டிசால்தான், அது தடவின விரலு தக்கையில பட்டாப் போதும், எகிறிரும். மாஸ் ஸ்பெக்ல (மூலக்கூறு எடையை வச்சுப் பிரிச்சு அளக்குற கருவி) கார்டிசோனையும் சேத்து அளந்தா, அது குறைவா இருந்து கார்டிசால் மட்டும் ஏறியிருக்கும், அப்பக் கண்டுபிடிச்சிரலாம். கடையில வாங்குற 'சிவப்பழகு' களிம்புல பீட்டாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு இருந்தா நேர்மாறா உடம்போட சொந்தக் கார்டிசால் அமுங்கிரும்.

பீடிக்கட்டு ஒப்படைக்க 1 மணி வரைக்கும் முழிக்கிறவங்கன்னா 11 மணிய விட்டுட்டு, வழக்கமா தூங்கப்போற நேரத்துக்கு எடுங்க. ராத்திரி ஷிப்டு மாறி மாறிப் பாக்குறவங்களுக்கு இந்த டெஸ்டே சரிவராது.

அம்பை லேப்:
ரொம்ப நன்றி. தக்கை காய்ஞ்ச மாதிரி திரும்பி வந்தா?

பொருநைக்கரை:
சென்ட்ரிஃப்யூஜ் மெஷின்ல போட்டுச் சுத்திப் பாருங்க, அடியில எச்சி இறங்கலன்னா அனுப்பாதீங்க. தண்ணி சேத்து ஒப்பேத்துறது மட்டும் கூடவே கூடாது. குழாய்மேல தேதியோட, எடுத்த மணியையும் எழுதச் சொல்லுங்க.