அண்டி ஆபீஸ் பலகை: வேலையிடத்தில் உங்களை உறுத்திய நிர்வாக அனுபவம் எது?

கருங்கல் கணக்கர்:
அண்டி ஆபீஸ் என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு, அது முந்திரிப் பருப்பு ஆலை. அப்படி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளியின் மருமகன் எம்பிஏ முடித்து வந்ததும் தொலி உரிக்கிற இடத்தில் ஒரு பலகை மாட்டினார். யார் எத்தனை கிலோ என்று அதில் எழுதுவார்கள், முன்னால் நிற்பவர்களுக்கு வாரக் கடைசியில் கூடுதல் பணம். கிலோ ஏறியது, கூடவே பிளவும், அதாவது உடைந்த பருப்பும், ஏறியது. 320 தரம் என்றால் பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு. உடைந்துவிட்டால் அந்த விலை கிடைக்காது. பருப்பைக் காய வைக்கும் சூட்டறையான போர்மாவிலிருந்து மொறுமொறுவென்று வருகிற பருப்பில் அவசரமாகக் கத்தி வைத்தால் தெறிக்காமல் என்ன செய்யும்?

பலகையில் எப்போதும் கீழே கிடக்கும் ஒரு அக்கா, ஒரு நாள் இரண்டு முறங்களைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார். ஒன்றில் முழுசு, மற்றதில் பிளவு. "சாரே, இதுல எத விக்கப் போறிய?" என்று கேட்டார். மருமகன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பலகை அங்கேயே தொங்கியது. கொஞ்ச நாளில் அந்த அக்கா வேறு ஆபீசுக்குப் போய்விட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

குலசேகரம்:
பலகையைக் குற்றம் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அளக்காமல் எப்படிக் கூலி கொடுப்பது? எங்கள் ரப்பர் பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டர் கணக்கில் காசு என்றால் தண்ணீர்தான் சேரும். அதனால்தான் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்க்கிறோம். நல்ல பாலில் 30 முதல் 40 சதவீதம் வரை இருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு வெட்டுக்காரர் பால் கொண்டுவந்தார். பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மிதவைக் கருவியான மெட்ரோலாக் குறைவாகக் காட்டியது. "நான் தண்ணி ஊத்தல்ல" என்று வாளியைத் தரையில் ஓங்கி வைத்தார், கை நடுங்கியது. எங்கள் மேஸ்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கண் முன்னாலேயே கொஞ்சம் பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, மறுநாள் காய்ந்ததை அவரையே நிறுத்துப் பார்க்கச் சொன்னார். மெட்ரோலாக் காட்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அந்தக் கணக்குக்கே பணம் கொடுத்தார். நான் பார்த்த நிர்வாகத்தில் மேலானது அதுதான்.

இரணியல் ரயில்:
திருவனந்தபுரத்தில் ஐடி வேலை. எங்கள் பிரிவில் எல்லோரும் ஒரே மாதிரிதான் உழைத்தோம். ஆனாலும் கடைசி இடத்தில் யாராவது ஒருவர் பெயரை எழுதியே ஆக வேண்டும் என்பது விதி. பிரசவ விடுப்பு முடிந்து வந்தவளின் பெயரை எழுதினார்கள். "காரணம்னு ஒரு வரியாவது எழுதித் தாங்க" என்று கேட்டாள். அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், ஆட்களை மேலே 20, நடுவில் 70, கடைசியில் 10 சதவீதம் என்று பிரித்து நடத்திய 20-70-10 கணக்கின் வாரிசு இது. மைக்ரோசாஃப்ட் இப்படி வரிசைப்படுத்துவதை 2013-இலேயே விட்டுவிட்டது. இங்கே இன்னும் ஓடுகிறது.

குளச்சல்:
குலசேகரம் அண்ணன் சொல்வது பாதிதான் சரி. உங்கள் மேஸ்திரி அளந்தார் என்பதைவிட, அந்த ஆளையே அளக்க விட்டார் என்பதுதான் விஷயம். எங்கள் வள்ளத்தில் ஏலத்தொகையில் எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு வைப்போம். ஒரு தடவை உரிமையாளர் சீட்டைக் காட்டாமல் கழித்தார். மறுநாள் விடியற்காலை கரையில் அவர் மட்டும்தான் நின்றார்.

கருங்கல் தம்பி, அந்த மருமகன் படித்ததையும் சரியாகப் படிக்கவில்லை. துண்டுக்கூலிக்குப் பேர்போன அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லரே 1895-இல், சீக்கிரமாகவும் பழுதில்லாமலும் முடித்த வேலைக்குத்தான் கூடுதல் விலை என்றார். தர மேலாண்மை நிபுணர் டெமிங் இன்னும் ஒரு படி மேலே போய், ஆளுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கை இலக்கு வைப்பதையே எடுத்துவிடச் சொன்னார். எனக்கு டெமிங் பக்கம்தான் மனசு. ஆனால் நம்ம ஊர் ஆபீசில் கிலோக் கூலி உடனே போகாது. இப்போது வேறொரு ஆபீசில் இருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்: முழுசுக்கு ஒரு விலை, பிளவுக்கு ஒரு விலை. நிறுக்கும்போது உரித்தவர் பக்கத்தில் நிற்கட்டும். போர்மாவில் சூடு எவ்வளவு, கொட்டை எந்த லாட் என்பதையும் அதே தாளில் குறியுங்கள். பிளவு கூடினால் பெண்களின் கூலியில் கை வைக்கும் முன் அந்தத் தாளைப் பாருங்கள், பாதி நேரம் கோளாறு போர்மாவில்தான் இருக்கும்.