கொலுவில் நீர்நாய்க்கு எந்தப் படி?

குழு: ஈசூன் வீட்டுக் கொலு

சனிக்கிழமை

கவிதா, காலை 9.12
[படம்]
கதிர் செய்த நீர்நாய். நேற்று இரவு படுக்கப் போகும்போது முழுதாக இருந்தது. காலையில் பார்த்தால் கழுத்தில் தொடங்கி வயிறு வரை பிளந்திருக்கிறது. வாலும் தனியாக விழுந்துவிட்டது. பிள்ளை பசியாறாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான். மலர், இதைச் சரிசெய்ய முடியுமா?

மலர், காலை 9.20
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அக்கா. கால்விரல்களுக்கு நடுவே சவ்வு வைத்திருக்கிறான்! மீசைக்குத் துடைப்பக் குச்சியா? இவ்வளவு கவனித்துச் செய்திருக்கிறானே. உள்ளே என்ன வைத்தான்?

கவிதா, காலை 9.22
ஒரு சிறிய கண்ணாடி பாட்டில். பொங்கோல் நீர்வழியில் பார்த்த நீர்நாய் பின்காலில் எழுந்து நின்றதாம். அதுபோலவே நிற்க வேண்டும் என்று வைத்தான்.

மலர், காலை 9.27
பிளந்ததற்கு அதுதான் காரணம். களிமண் காயும்போது தண்ணீர் வெளியேறும், மண் சுருங்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி சுருங்காது. சுருங்க இடமில்லாத மண் வேறு வழியில்லாமல் பிளந்துவிடும். பாட்டிலுக்குப் பதிலாகச் செய்தித்தாளைக் கசக்கி உருண்டையாக வைக்கச் சொல்லுங்கள். அது மண்ணோடு சேர்ந்து அமுங்கிக் கொடுக்கும்.

மலர், காலை 9.29
இன்னொன்று. இரவு குளிர்சாதனம் போட்ட அறையில் வைத்திருந்தீர்களா?

கவிதா, காலை 9.30
ஆமாம். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தான்.

மலர், காலை 9.34
அதுவும் சேர்ந்துகொண்டது. வெளித்தோல் சீக்கிரம் காய்ந்து, உள்மண் ஈரமாகவே இருந்தால் வெடிப்பு வரும். நம் சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மண் பொம்மைக்கு அது நல்லதுதான், மெதுவாகக் காயும். மின்விசிறி வேண்டாம், வெயிலும் வேண்டாம். மேலே ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகப் போட்டு, கூடத்து மூலையில் வைத்துவிடுங்கள்.

குமரன், காலை 9.41
கவிதா, லிட்டில் இந்தியா கேம்பல் லேனில் கொலுப் பொம்மைகள் வந்து இறங்கியிருக்கின்றன. பண்ருட்டிப் பொம்மை, விளாச்சேரிப் பொம்மை எல்லாம் இருக்கிறது. மாலையில் தேக்கா பக்கம் போகிறேன். கதிருக்கு அழகாக ஒரு யானையோ மானோ வாங்கி வரவா? பிள்ளை வாடிப்போய் இருக்க வேண்டாம்.

கவிதா, காலை 9.50
உங்கள் அன்பு தெரிகிறது அண்ணா. ஆனால் இப்போது வாங்க வேண்டாம். இன்று வேறு பொம்மை கைக்கு வந்தால் இந்த நீர்நாய் குப்பைக்குப் போய்விடும். உடைந்தால் மாமா வாங்கித் தருவார் என்பதுதான் அவன் மனத்தில் நிற்கும். பள்ளியிலும் துணைப்பாட வகுப்பிலும் ஒரு கணக்கு வராவிட்டால் விடையைக் காட்டச் சொல்லிக் கேட்கிற பிள்ளை இவன். இந்த நீர்நாய் ஒன்றைத்தான் யாரும் சொல்லாமல் தானாகத் தொடங்கினான். அதை அவனே முடிக்கட்டும். வளைந்து நின்றாலும் பரவாயில்லை, கொலுவில் அது இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

குமரன், காலை 9.52
சரி, வாங்கவில்லை. நீ சொல்வது நியாயம்.

வாசுகி, காலை 10.15
கவிதா, நானும் ஒன்று சொல்ல வேண்டும். தவறாக எடுத்துக்கொள்ளாதே. நவராத்திரிக்கு நடுவேதான் யாழினிக்கு பிஎஸ்எல்இ, அந்தத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்கள். உயர்தமிழ்த் தாள் சரஸ்வதி பூஜை அன்று காலையில். ஒன்பது நாளும் வீட்டுக்கு ஆள் வந்துபோனால் அவள் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரமாகத் தவிக்கிறேன். இந்த ஆண்டு கொலுவை மூன்று படியோடு, வீட்டு மட்டில் வைத்துக்கொள்ளலாமா?

பாட்டி, காலை 10.31
(பாட்டி சொல்கிறார், யாழினி தட்டச்சு செய்கிறேன்.)
வாசுகி, இதற்கா ஒரு வாரம் தவித்தாய்? பக்கத்து அறையில்தானே இருக்கிறேன். தெரிந்தவர்கள் எல்லாரையும் தினமும் அழைத்துத்தான் ஆக வேண்டும் என்று எந்த அம்மனும் கேட்கவில்லை. தேர்வு முடியும்வரை விளக்கு, சுண்டல், நாம் மட்டும். சரஸ்வதி பூஜை அன்று மாலையும் விஜயதசமி அன்றும் எல்லாரையும் அழைப்போம். தாள் எழுதிவிட்டு வந்த கையோடு யாழினியின் புத்தகங்கள் பூஜைக்கு ஏறட்டும். ஆனால் படியைக் குறைக்காதே. ஐந்து படி இருக்கட்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

யாழினி, காலை 10.36
இது நான். அம்மா, எனக்கும் ஒரு விருப்பம். தினமும் மாலையில் கொலு முன்னால் கோலம் நான் போடுகிறேன். கால் மணி நேரம்தான். ஊடுபுள்ளி, 7இல் தொடங்கி 4இல் முடிவது. நடுவரிசை 7, இரண்டு பக்கமும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. சிக்குக் கோலத்தில் கோடு எங்கேயும் அறுபடாமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும். அது சேரும்வரை வேறு எதுவும் மனத்தில் ஓடாது. அதன் பிறகு உட்கார்ந்தால் நன்றாகப் படிக்க முடிகிறது.

வாசுகி, காலை 10.40
சரி கண்ணு. கோலம் உன்னுடையது. கோலப்பொடி எடுத்து வைக்கிறேன்.

மலர், காலை 10.44
அண்ணி, வாய்மொழித் தேர்வில் காணொளியைக் காட்டிப் பேசச் சொல்கிறார்கள் அல்லவா? என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளில் வீட்டில் எதையாவது கையால் செய்து பழகியவர்கள் அங்கே தயங்குவதில்லை. மாவு பிசைந்தது, பொம்மை துடைத்தது, சுண்டல் தாளிக்கும்போது கடுகு தெறித்தது என்று சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது. மனப்பாடம் செய்த வாக்கியங்களை மட்டும் வைத்திருப்பவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கவிதா, காலை 11.05
அம்மா, கதிர் ஒன்று கேட்கிறான். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள். கைபேசியை அவனிடம் தருகிறேன்.

கவிதா, காலை 11.08
பாட்டி, நான் கதிர். படுக்கும் முன்னால் பிள்ளையாரிடம் என் நீர்நாய் உடையக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். கண்ணை மூடித்தான் கேட்டேன். பிறகு ஏன் உடைந்தது?

பாட்டி, காலை 11.26
(யாழினி தட்டச்சு. பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சொல்லத் தொடங்கினார்.)
கதிர், நான் சிறுமியாக இருந்தபோது செம்பவாங் கடற்படைத் தளத்தில்தான் எங்கள் வீடு. என் அப்பாவுக்கு அங்கே வேலை. 1971இல் பிரிட்டிஷ்காரர்கள் தளத்தை விட்டுப் போனார்கள். அப்பாவுக்கு வேலை இல்லை. நானும் உன்னைப் போலத்தான், கண்ணை மூடிக்கொண்டு முருகனிடம் கேட்டேன். நாளைக்கே அப்பாவுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று. நாளைக்குக் கிடைக்கவில்லை. அடுத்த மாதமும் கிடைக்கவில்லை. எனக்கு முருகன்மேல் கோபம்கூட வந்தது. அதை அம்மாவிடமே சொன்னேன், அவள் திட்டவில்லை.

பாட்டி, காலை 11.33
அப்போது நவராத்திரி வந்தது. கொலுவுக்கு ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பார்கள். வாங்கப் பணம் இல்லை. கொலுவை விட்டுவிடலாம் என்று அப்பா சொன்னார். அம்மா கேட்கவில்லை. மண்ணெண்ணெய் டின்களை அடுக்கி, மேலே பலகை போட்டு, வெள்ளை வேட்டியை விரித்துப் படி கட்டினாள். கிழிந்த ஜாக்கெட் துணியில் பஞ்சை அடைத்து ஒரு பெண் பொம்மை தைத்தாள். கறுப்பு நூலில் கண். ஒரு கண் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். நீ ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறாயே, சிவப்புச் சேலைக்காரி, அவள்தான். அவளைப் படியில் வைத்துவிட்டு அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டாள். அப்பாவும் வந்து பக்கத்தில் நின்றார். வேலை பிறகு வந்தது, ஆனால் மெதுவாகத்தான் வந்தது. அதுவரை தினமும் கும்பிட்டோம், தினமும் அப்பா வேலை தேடிப் போனார். இரண்டையும் ஒரே நாளில் செய்தோம்.

பாட்டி, காலை 11.35
உன் நீர்நாய் ஏன் உடைந்தது என்பதை மலர் சித்தி சொல்லிவிட்டாள். பாட்டில்தான் காரணம். நீ பிள்ளையாரிடம் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. இன்று இரவும் கேள். காலையில் எழுந்து மண்ணைப் பிசை.

கவிதா, காலை 11.41
நான் கதிர். சிவப்புச் சேலைக்காரிக்குக் கண் அப்படி இருப்பது எனக்குப் பிடிக்கும் பாட்டி. சித்தி, வாலை எப்படி ஒட்டுவது?

மலர், காலை 11.50
காய்ந்த மண்ணில் ஈர மண்ணை அப்படியே ஒட்டினால் பிடிக்காது கதிர். அதே களிமண்ணைத் தண்ணீரில் குழைத்து, தயிர் பதத்துக்குக் கொண்டுவா. வாலின் முனையிலும் உடம்பிலும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறு. இரண்டு பக்கமும் ஈர விரலால் தடவி, குழம்பைப் பூசி, அழுத்திப் பிடி. வெடிப்பை ஒரே நேரத்தில் அடைக்காதே. கொஞ்சம் பூசு, காய விடு, மறுபடி பூசு. பாட்டிலை எடுக்க முடியாவிட்டால் புதிதாகச் செய்வது நல்லது. அதே களிமண் பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் கிடைக்கும், திங்கட்கிழமை உன்னை நானே அழைத்துப் போகிறேன்.

கவிதா, பகல் 12.02
புதிதாகவே செய்கிறானாம். இந்த முறை அம்மா, அப்பா, இரண்டு குட்டி என்று குடும்பமாக. இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தான்.

குமரன், பகல் 12.10
கதிர், உன் நீர்நாய்களைப் பற்றி மாமாவுக்குத் தெரிந்த ஒன்று. நான் பிறப்பதற்கு முன்பே இங்கே ஆறுகள் அழுக்காகி, நீர்நாய்களை ஏறக்குறைய பார்க்கவே முடியாமல் போயிருந்தது. 1977இல் தொடங்கி 1987 வரை சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தம் செய்தார்கள். பத்து ஆண்டு வேலை. அதன் பிறகும் அவை உடனே வந்துவிடவில்லை. 1990களில்தான் திரும்பி வரத் தொடங்கின. இப்போது உன் வீட்டுக்குப் பின்னால் மீன் பிடிக்கின்றன.

வாசுகி, பகல் 12.18
நீர்நாய் கொலுவில் வைக்கக்கூடியதா அத்தை? கேட்டதற்காகக் கதிர் வருத்தப்பட வேண்டாம். யாராவது வந்து கேட்டால் நான் என்ன சொல்வது என்பதற்காகக் கேட்கிறேன்.

பாட்டி, பகல் 12.30
(யாழினி தட்டச்சு)
தாராளமாக வைக்கலாம். படியைக் குறைக்காதே என்று நான் சொன்னதும் இதற்காகத்தான். ஒன்பது படி வைப்பவர்கள் கீழிருந்து மேலே இப்படி அடுக்குவார்கள். முதல் படியில் ஓரறிவு, புல் செடி கொடி. இரண்டாவதில் நத்தை, சங்கு. மூன்றாவதில் எறும்பு, கரையான். நான்காவதில் நண்டு, வண்டு. ஐந்தாவதில் மிருகங்களும் பறவைகளும். ஆறாவதில் மனிதர்கள், செட்டியார் பொம்மை வைக்கிறோமே, அங்கே. ஏழாவதில் முனிவர்கள், மகான்கள். எட்டாவதில் தேவர்கள். உச்சியில் அம்பாளும் மும்மூர்த்திகளும் கலசமும். நம் வீட்டில் இடமில்லாததால் ஐந்து படிக்குள் சுருக்கி வைக்கிறோம். மூன்றாகக் குறைத்தால் எறும்புக்கும் நண்டுக்கும் இடமே இருக்காது. யாராவது கேட்டால் ஐந்தறிவு என்று சொல், போதும்.

கவிதா, பகல் 12.37
நான் கதிர். அப்படியென்றால் பாட்டி, மனிதர்கள் படியில் செட்டியார் மட்டும்தான் இருக்க வேண்டுமா? பள்ளிக்குப் போகும்போது எங்கள் பஸ் ஓட்டுநர் மாமா தினமும் எனக்குக் காலை வணக்கம் சொல்வார். அவரைச் செய்யலாமா? பஸ்ஸும் சேர்த்து?

பாட்டி, பகல் 12.39
செய். செட்டியாருக்குப் பக்கத்திலேயே வை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை

கவிதா, மாலை 5.20
[படம்] [படம்]
குடும்பம் தயார். பெரிய நீர்நாயின் கழுத்தில் மறுபடி ஒரு மெல்லிய வெடிப்பு வந்தது. இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. தானே மண்ணைக் குழைத்து, காதுக் குச்சியால் தடவி, பையைப் போட்டு மூடிவிட்டு விளையாடப் போய்விட்டான். பூசிய இடம் கொஞ்சம் மேடாகத் தெரிகிறது. தேய்த்து மழமழப்பாக்கவா என்று கேட்டேன், வேண்டாம், சண்டையில் பட்ட காயம் என்று சொல்லிவிட்டான். இரவு சாமி கும்பிடும்போது நான்கு பெயரையும் தனித்தனியாகச் சொல்லி வேண்டிக்கொள்கிறான். பெயர்களை என்னிடம் சொல்ல மாட்டானாம்.

மலர், மாலை 5.31
குட்டி ஒன்று அம்மாவின் முதுகில் ஏறியிருக்கிறது பாருங்கள்! இதை நான் சொல்லித் தரவே இல்லை அக்கா. வண்ணம் பூசும் முன்னால் இன்னும் இரண்டு நாள் காயட்டும். தொட்டால் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

குமரன், மாலை 5.40
பஸ் எங்கே?

கவிதா, மாலை 5.42
பஸ் வேலை தீப்பெட்டிகளை வைத்து நடக்கிறது. சக்கரம் உருள வேண்டும் என்பதில் அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் மும்முரமான பேச்சு. முடியாவிட்டால் ஓட்டுநர் மட்டும் முதலில் வருவார், பஸ் நடுவில் ஒரு நாள் வந்து சேரும்.

பாட்டி, மாலை 5.55
(யாழினி தட்டச்சு. என் அறிவியல் மாதிரித் தாள் முடிந்துவிட்டது அம்மா.)
நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். இடம் விட்டு வைக்கிறேன்.

வாசுகி, மாலை 6.10
படிகளை இறக்கித் துடைத்துவிட்டேன். அமாவாசை அன்று காலை ஒன்பது மணிக்குப் பெட்டிகளைத் திறக்கிறோம், எல்லாரும் வந்துவிடுங்கள். கவிதா, நீர்நாய்களை ஒரு காலணிப் பெட்டியில் துணி சுற்றி எடுத்து வா. மலர், சிவப்புச் சேலைக்காரியின் தோளில் தையல் விட்டிருக்கிறது, யாழினியே தைக்கிறேன் என்கிறாள், கறுப்பு நூல் கொண்டு வா. இவரிடம் கொண்டைக்கடலை இரண்டு கிலோ சொல்லியிருக்கிறேன், வெள்ளை வேண்டாம், கறுப்புதான் அத்தைக்குப் பிடிக்கும்.

குமரன், மாலை 6.12
வாங்கியாகிவிட்டது. கறுப்புதான்.